நூறு கிராம் சோறு

குறைத்துக்கொள்ளுங்கள் என்றால் எவ்வளவு குறைப்பது? மூன்று நாட்களாக வைகுண்டராஜ் இதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

போடி கடைவீதியில் அவருக்குப் பருப்பு, தானியக் கடை. முப்பது வருடமாகத் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். யாராவது வந்து "கொஞ்சம் துவரம்பருப்பு கொடுங்க" என்றால், "கொஞ்சம்னா எத்தனை கிராம் தாயி?" என்று கேட்ட பிறகுதான் மூட்டைக்குள் கையை விடுவார். அப்படிப்பட்டவரிடம், அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் செவிலியர் ஷெரின், "சோத்தக் கொறைங்க ஐயா, காய்கறியக் கூட்டுங்க, மாத்திரைய விட்டுறாதீக. புதன்கிழமை வாங்க, எதை எவ்வளவு சாப்பிடணும்னு உக்காந்து விவரமாச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தார்.

புதன்கிழமை அவர் போகவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

வைகுண்டராஜுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் பனிமூட்டம் போல எப்போதும் ஒரு வெள்ளை. போன மாதம் இலவசக் கண் சிகிச்சை முகாமுக்குப் போனபோது, விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை இருநூற்றுத் தொண்ணூறு. "இருநூறுக்குக் கீழ கொண்டாங்க, அடுத்த மாசம் ஆபரேஷன் பண்ணிரலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அடுத்த முகாமுக்கு இன்னும் இருபத்து நான்கு நாட்கள் இருந்தன. இந்த விஷயம் மனைவி சண்முகத்தாயைத் தவிர யாருக்கும் தெரியாது. பருப்பில் கல் பார்த்து, வண்டு பார்த்து, தரம் பார்த்து விலை பேசுகிறவனுக்குக் கண் தெரியவில்லை என்று கடைவீதியில் பரவிவிட்டால் நாளைக்கு யார் அவரை நம்பிச் சரக்கு வாங்குவார்கள்? மருத்துவமனை பெஞ்சில் மறுபடியும் போய் உட்கார்ந்தால் பாதி ஊர் பார்த்துவிடும். அதனால் போகவில்லை. அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

அதற்குப் பதிலாகப் பக்கத்துக் கடை அஜய்குமாரிடம் கேட்டார். அவன் செல்போன் பழுது பார்க்கிறவன், உறவில் அண்ணன் மகன் முறை.

"ஏலே அஜய், தொப்பையக் கொறைக்கணும். சோத்த எவ்வளவு கொறைக்கணும்னு ஒன் போனுல பாரு."

"லோ கார்ப்னு ஒண்ணு இருக்கு சித்தப்பா. கார்ப்னா மாவுச்சத்து. அதைக் கொறைச்சா தொப்பை, சுகர் எல்லாம் ஓடிரும்னு சொல்றாக."

"எவ்வளவு கொறைக்கணுமாம்?"

அஜய் நான்கு காணொளிகளைப் போட்டுக் காட்டினான். ஒருவர் ஒரு நாளைக்கு இருபது கிராம் மாவுச்சத்து போதும் என்றார். இன்னொருவர் ஐம்பது என்றார். மூன்றாமவர் நூற்று முப்பதுக்குக் குறைந்தால் ஆபத்து என்றார். நான்காமவர் எண்ணிக்கையே வேண்டாம், காப்பியில் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் குடித்தால் போதும் என்றார். வைகுண்டராஜுக்குச் சுவாரசியம் தாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே சரக்குக்கு நாலு கடையில நாலு விலை சொல்றானா? இவன்கள்ல யாரு என்ன விக்கிறான்னு மொதல்ல பாருல."

அஜய் கடைசி வரை ஓட்டிப் பார்த்தான். ஒருவர் பொடி விற்றார். ஒருவர் எண்ணெய் விற்றார். மற்ற இருவரும் மாதக் கட்டணத்தில் வகுப்பு நடத்தினார்கள்.

"விக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லாத ஆளு ஒருத்தன் சொன்ன கணக்கு இருக்கா பாரு."

அப்படித்தான் அந்த அட்டவணை கிடைத்தது. ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்டது. அரிசி, கம்பு, மொச்சை, வாழைப்பூ என்று நம் ஊர்ப் பொருள் ஒவ்வொன்றிலும் நூறு கிராமுக்கு என்னென்ன சத்து எவ்வளவு என்று போட்டிருந்தது. அஜய் காகிதம் மிச்சம் பிடிக்க இரண்டு பக்கத்தை ஒரே பக்கமாகச் சுருக்கி அச்சடித்துக் கொடுத்தான். வைகுண்டராஜ் வாசல் வெயிலில் போய் நின்று, இடது கண்ணைச் சுருக்கி, தடித்த எழுத்தில் இருந்த எண்களை மட்டும் வாசித்தார். அரிசி, எழுபத்தெட்டு. கம்பு, அறுபத்திரண்டு. இது நம்பிக்கையான கணக்கு என்று அவர் மனம் ஒப்பியது. அது சரியான முடிவுதான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதற்கு மட்டும் அந்தத் தாளில் விடை இல்லை. அதற்குக் காணொளிக்காரர்கள் சொன்ன இருபது, ஐம்பது, நூற்று முப்பதில் நடுவில் இருந்த ஐம்பதை எடுத்துக்கொண்டார். மூன்று வியாபாரி மூன்று விலை சொன்னால் நடு விலைக்குப் பேசி முடிப்பது அவர் வழக்கம்.

அதன் பிறகு வீட்டில் சாப்பாடு ஓர் ஆராய்ச்சி ஆகிவிட்டது. 'சர்க்கரை உள்ளவர்களுக்கு ஏற்றது' என்று போட்டிருந்த கோதுமை மாவுப் பாக்கெட்டையும் சாதாரண மாவுப் பாக்கெட்டையும் சண்முகத்தாயிடம் கொடுத்துப் பின்பக்கத்தில் இருந்த எண்களை வாசிக்கச் சொன்னார். மாவுச்சத்து ஒன்றில் எழுபது, மற்றதில் எழுபத்தொன்று.

"ஒரே ஒரு கிராமுக்கா பாக்கெட்டுல இதயம் படம் போட்டு டபுள் விலை வாங்குறான்!" என்று வைகுண்டராஜ் சிரித்தார். சண்முகத்தாயும் சிரித்தாள். அன்றைக்குச் சிரித்தது சரி. மறுநாள் காலையில் அவர் ஒரு இட்லியைத் தராசில் வைத்து, "முப்பத்தாறு கிராம். கணக்குப்படி பாதிதான் எனக்கு" என்று பிய்த்து மீதியைத் தட்டிலேயே வைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டை அவள் தூக்குச்சட்டியில் கடைக்குக் கொண்டுவருவாள். அவர் தட்டைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சோற்றை ஒவ்வொரு கரண்டியாகப் போடுவார். இருபத்தைந்து கிராம் வந்ததும் நிறுத்திவிடுவார். அது ஒரு குழந்தை கையால் அள்ளுகிற அளவுதான். அவருக்கு உயிரான கடமலைக்குண்டு மொச்சையைக் கூட, அவித்துத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, "கணக்கு இடிக்குது" என்று தள்ளி வைத்தார். முட்டையும் கீரையும்தான் மிச்சம்.

"உங்கள நம்பித்தான் வட்டாரத்துக் கோழியெல்லாம் முட்டை போடுது" என்றாள் சண்முகத்தாய். பிறகு குரல் இறங்கி, "ஏங்க, மொகம் வாடிப் போச்சுங்க. இன்னும் ரெண்டு கரண்டி வச்சுக்கங்களேன்" என்றாள்.

"தராசு பொய் சொல்லாது சம்முகம். இன்னும் ஒன்பது நாளுதான். கண்ணு கெடைச்சிரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரையை மட்டும் ஒரு வேளை கூடத் தவறவிடவில்லை.

அதற்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் சத்துணவு சமைக்கும் சங்கிலியம்மாள் தாளிப்புச் சாமான் வாங்க வந்தாள். நாற்பது வயது தாண்டியவள். வாரத்தில் நான்கு நாள் கடைக்கு வருவாள். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. தராசில் எண் ஓடி நின்றதும், "இருநூறு ஆயிருச்சு அண்ணாச்சி" என்று சத்தமாகச் சொல்லிவிடுவாள்.

"கடுகு இருநூறு, உளுந்து அரைக் கிலோ" என்றாள்.

வைகுண்டராஜ் உளுந்தை அள்ளினார். கை நடுங்கியது. பாதி உளுந்து தராசுக்கு வெளியே விழுந்தது. நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை கொட்டியது. "கொஞ்சம் பொறு தாயி" என்றவர், மூட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். கடையே தூரத்தில் போவது போல் இருந்தது அவருக்கு.

சங்கிலியம்மாள் கல்லாவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். கையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. "அண்ணாச்சி, சுகர் மாத்திரை சாப்புடுறீகளா?"

தலையை ஆட்டினார்.

அவள் திரும்பி, திறந்திருந்த சீனி மூட்டையில் ஒரு பிடி அள்ளித் தண்ணீர் சொம்பில் போட்டாள்.

"சீனியா? வேணாம், வேணாம்! பதினாறு நாளு விரதம்…" அவர் வாயை மூடிக்கொண்டார்.

"வாயத் தொறங்கண்ணாச்சி!"

"கண்ணு ஆபரேஷன் போயிரும் ஆத்தா…" என்று அவரை அறியாமலே சொல்லிவிட்டார்.

"ஆளு போனா கண்ணு எதுக்கு? குடிங்க!"

அந்த அதட்டலுக்கு ஒரு கோடீஸ்வரன் கூட வாய் திறந்திருப்பான். பாதிச் சொம்பு உள்ளே போனது. சத்தம் கேட்டு அஜய்குமார் ஓடி வந்தான். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து சண்முகத்தாய் ஓடி வந்தாள். பத்து நிமிடத்தில் நடுக்கம் நின்றது. வேர்வை அடங்கியது. மனிதருக்குக் கண்ணில் ஒளி வந்ததும் முதலில் தோன்றியது வெட்கம்தான்.

"பள்ளிக்கூடத்துல காலையில சாப்புடாம வர்ற பிள்ளைக பிரேயர்ல இப்படித்தான் சரியும்" என்றாள் சங்கிலியம்மாள். "எங்க வீட்டுக்காரருக்கும் சுகரு. மாத்திரையப் போட்டுட்டுச் சாப்புடாம கெடந்தா இறங்கிரும்னு டாக்டரு சொல்லியிருக்காக. என்ன சாப்புட்டீக?"

"காலையில பாதி இட்லி, ரெண்டு முட்டை. நேத்து மத்தியானம் சோறு இருபத்தஞ்சு கிராம். எல்லாம் நிறுத்துத்தான் சாப்புடுறேன். கவர்மெண்டு கணக்கு தாயி. நூறு கிராமுக்கு எழுபத்தெட்டு." அட்டவணையை எடுத்து நீட்டினார்.

சங்கிலியம்மாள் தாளை வாங்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"எதை நிறுத்தீக?"

"சோத்த."

"எழுபத்தெட்டு எதுக்கு?"

"அரிசிக்கு."

"நாங்க ஒரு பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி போடுவோம் அண்ணாச்சி. அது வெந்து வந்தா பிள்ள தட்டுல நூறு கிராமாவா இருக்கும்? தட்டு நெறஞ்சிரும்ல! நீங்க சோத்த நிறுத்துட்டு அரிசிக் கணக்குப் பாத்திருக்கீக."

வைகுண்டராஜ் அரிசியை விற்கிறவர். பருப்பை விற்கிறவர். முப்பது வருடமாக அவர் தராசில் ஏறியது எல்லாம் காய்ந்த தானியம்தான். உலையில் போன பிறகு அது என்ன எடை ஆகும் என்று ஒரு நாளும் அவர் நினைத்துப் பார்த்ததில்லை. அவருக்கு அரிசி என்றால் மூட்டையில் இருப்பது. சோறு என்றால் பசிக்குச் சாப்பிடுவது.

"ஏலே அஜய், தாள்ல அடியில ஏதாச்சும் போட்டிருக்கா பாரு."

அஜய் தாளைக் கண்ணருகே கொண்டுபோனான். முகம் மாறியது. "எறும்பு மாதிரி ஒரு வரி இருக்கு சித்தப்பா. இதுல உள்ளது எல்லாம் சமைக்காத பொருளோட எடைக்குன்னு போட்டிருக்கு. நான் சுருக்கி அடிச்சதுல… நீங்களாவது வாசிச்சிருப்பீகன்னு…"

வைகுண்டராஜ் தலை குனிந்தார். வாசித்திருக்க முடியாது என்பது அவருக்கும் சண்முகத்தாய்க்கும் தெரியும்.

"அண்ணாச்சிக்கு எப்படி வாசிக்க முடியும்?" என்றாள் சங்கிலியம்மாள் மெல்ல. "தராசுல உள்ள எண்ணே மங்கலாத்தான தெரியுது? அதான் நான் சத்தமாச் சொல்லிட்டு இருக்கேன், ஒரு வருசமா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு வருடமாக இந்தப் பெண்ணுக்குத் தெரியும். கடையை மாற்றவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எண்ணை மட்டும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடவுள் நமக்குச் செய்கிற காவல் பல நேரம் இப்படித்தான் இருக்கிறது. உளுந்து வாங்க வந்த மாதிரி வந்து, வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறது.

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

"கேக்காதீக" என்றாள் அவள். "எல்லாரும் இங்கனதான வாங்குறாக?"

சண்முகத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிறுங்க நூறு கிராம் அரிசி. இப்பவே பாத்துருவோம்" என்றாள்.

இதில் வைகுண்டராஜுக்கே உற்சாகம் வந்துவிட்டது. பொன்னி அரிசி சரியாக நூறு கிராம் நிறுத்துக் கொடுத்தார். சண்முகத்தாய் உலை வைத்தாள். சங்கிலியம்மாளுக்குச் சத்துணவுக் கூடத்துக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் போக மனமில்லாமல், உதவியாளருக்குப் போன் செய்து குழம்பைக் கிண்டச் சொல்லிவிட்டு நின்றாள்.

"இருநூறு வரும்" என்றான் அஜய்.

"முந்நூறு தொடும்" என்றாள் சங்கிலியம்மாள்.

வைகுண்டராஜ் தராசைத் துடைத்து வைத்தார். தெரியாத ஒன்று இருபது நிமிடத்தில் தெரியப்போகிறது என்று காத்திருப்பதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. வடித்த சோறு ஆவி பறக்க வந்தது. தட்டில் கொட்டித் தராசில் வைத்தார்கள்.

"இருநூத்தி எம்பத்திரண்டு!" என்று மற்ற மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"மீதி நூத்தி எம்பத்திரண்டும் பூரா தண்ணியா?" என்று கேட்ட வைகுண்டராஜ், மனக்கணக்குப் போட்டார். "அப்ப நூறு கிராம் சோத்துல இருபத்தெட்டுக்குக் கொஞ்சம் கம்மி. அம்பது சாப்புடுறேன்னு நெனச்சு மூணுல ஒரு பங்குதான் சாப்புட்டிருக்கேன்."

"ஒத்தை ஆளு பட்டினி கெடந்து கவர்மெண்டு மேல பழியப் போட்டிருக்கீக" என்றாள் சண்முகத்தாய். திட்டுகிற குரல்தான். ஆனால் அந்தச் சோற்றில் மோரை ஊற்றி, கீரையை வைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை நகரவில்லை.

அன்று மத்தியானமே கடையை அஜய்யிடம் விட்டுவிட்டு, கடைவீதி முழுவதும் பார்க்க, மனைவியோடு நடந்து மருத்துவமனைக்குப் போனார். பெஞ்சில் உட்கார்ந்தார். தெரிந்தவர்கள் நான்கு பேர் வணக்கம் வைத்தார்கள். ஒருவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். உலகம் இடிந்து விழவில்லை.

நடந்ததை எல்லாம் கேட்ட ஷெரினுக்கு முகம் வெளிறியது. விரலில் குத்திப் பார்த்துவிட்டு, நேராக மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். மருத்துவர் இரண்டு மாத்திரையில் ஒன்றைப் பாதியாகக் குறைத்தார். சாப்பாட்டை எவ்வளவு மாற்றினாலும் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார்.

"சோத்தக் கொறைச்சா சுகரு இறங்கும். மாத்திரையும் இறக்கும். ரெண்டும் சேந்து இழுத்தா என்ன ஆகும் ஐயா?" என்று கேட்டார் ஷெரின். "இன்னைக்கு அந்த அக்கா ரூபத்துல கர்த்தர் உங்க கடையில நின்னாரு."

"நின்னாக சிஸ்டர். அதட்டவும் செஞ்சாக."

ஷெரின் சிரித்தார். பிறகு பழைய மாத நாட்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, கறுப்பு மார்க்கரால், ஒவ்வொரு எழுத்தும் சுண்டைக்காய் அளவுக்கு இருக்கும்படி எழுதினார். ஒரு வேளைக்குச் சமைத்த சோறு நூறு கிராம். அவித்த பயறு ஒரு கிண்ணம். தட்டில் பாதிக்கு மேல் காய். முட்டை அல்லது மீன். வைகுண்டராஜ் கண்ணைச் சுருக்காமல் அதை வாசித்தார். பெரிதாக எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை.

"மொச்சை?" என்றார் கொஞ்சம் பயந்து.

"தாராளமா. அவிச்சு, ஒரு கிண்ணம்."

அடுத்த எட்டு நாளும் சோற்றைச் சோறாகவே நிறுத்தார். கணக்கில் சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் மருத்துவமனைக்கு நடந்தார். இரண்டு முறை ஷெரின், "இது எனக்கும் தெரியல ஐயா, கேட்டுச் சொல்றேன்" என்றார். அப்படிச் சொல்கிறவரை இன்னும் அதிகமாக நம்பலாம் என்று அவருக்குத் தோன்றியது.

முகாம் நாள் வந்தது. கல்யாண மண்டபத்தில் வரிசை வாசல் வரை நின்றது. ஷெரினும் உதவிக்கு வந்திருந்தார். விரலில் குத்தி, கருவியைப் பார்த்தார். சண்முகத்தாய் வாய்க்குள் கௌமாரியம்மனைக் கூப்பிட்டாள்.

"நூத்தி நாப்பத்தெட்டு. வலது கண்ணு. பதினொரு மணி பஸ்ஸு" என்றார் ஷெரின். அடையாளத்துக்கு வலது புருவத்துக்கு மேல் சின்னப் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டினார்.

வைகுண்டராஜுக்கு அழுகை வந்தது. வாசலில், அறுவை சிகிச்சைக்கு ஆட்களை மதுரைக்கு ஏற்றிப்போகும் பேருந்து நின்றது. பையை எடுத்துக்கொண்டு நடந்தவர், பின்னால் ஒரு குரல் கேட்டு நின்றார்.

"முந்நூத்திப் பன்னண்டா? எப்படிம்மா? நான் சோத்தக் கண்ணால பாத்து ஒரு மாசமாச்சு!"

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற அழகர் என்பவர்தான் அது. அனுமந்தன்பட்டி விவசாயி. மாற்று வேட்டி, போர்வை எல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். முகாம்காரர் ஒருவர் அவர் அட்டையை வாங்கி, அடுத்த மாதம் வரச் சொல்லிக்கொண்டிருந்தார். அழகர் ஓரமாகப் போய், படிக்கட்டுக்கு மேலே இருந்த மேடையில் போர்வை மூட்டையோடு உட்கார்ந்துவிட்டார்.

வைகுண்டராஜ் பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, சோறு சாப்புடலன்னா என்ன சாப்புட்டீக?"

"கம்பங்கூழ்தான். மூணு வேளையும். சத்து, நல்லதுன்னாக. வேளைக்கு ஒரு பெரிய சொம்பு. அதுலயா ஏறும்?"

கம்பு நூறு கிராமுக்கு அறுபத்திரண்டு என்பது வைகுண்டராஜுக்கு மனப்பாடம். அது காய்ந்த கம்பின் கணக்கு. ஒரு சொம்புக் கூழில் எவ்வளவு கம்பு, எவ்வளவு தண்ணீர்? புளித்த பிறகு என்ன ஆகும்? ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிட நாக்கு துடித்தது.

"எனக்குத் தெரியலண்ணே" என்றார். "ஆனா தெரிஞ்சவுக அந்தா நிக்கிறாக. கேப்போம் வாங்க."

வெளியே பேருந்துக்காரர் ஹார்ன் அடித்தார். "ஏங்க, பஸ்ஸு!" என்றாள் சண்முகத்தாய்.

"ரெண்டு நிமிசம் நிக்கச் சொல்லு சம்முகம். அண்ணனுக்குக் கண்ணு வேணும்ல?"

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். மேடையிலிருந்து ஷெரின் நின்ற இடத்துக்குப் படி இறங்க வேண்டும்.

"இங்கன ஒரு படி இருக்கு, பாத்து" என்றார் அழகர்.

"ரெண்டு இருக்குண்ணே" என்றார் வைகுண்டராஜ்.

காலால் தடவித் தடவி இறங்கினார்கள். மூன்று இருந்தன.